இமை முடி பிடுங்காத ஒரு மாதம்

என் வீட்டுக்காரரின் இமையில் முடி பிடுங்குவதுதான் ஐந்தாறு வருஷம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற பெண்கள் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள், நான் இமை பார்ப்பேன். கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தை ஒட்டியிருந்த எங்கள் குடிசை வரிசையில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்கப் போகிற ஆண்களில் பாதிப் பேருக்குக் கண் சிவந்துதான் இருக்கும். கண்நோய் வருவதும் ஆறுவதுமாக இருந்து, இமையின் உள்பக்கம் தழும்பேறிச் சுருங்கிவிடும். சுருங்கினால் ஓரம் உள்ளே மடங்கும். மடங்கினால் முடி கருவிழியில் குத்தும். கண் சிமிட்டுகிற ஒவ்வொரு தடவையும் குத்தும். அதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், காலில் தைத்த முள்ளை எடுக்கிற முள்வாங்கி. வாசல் வெளிச்சத்தில் அவர் என் மடியில் தலை வைத்துப் படுப்பார், நான் ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். பிடுங்கினால் இரண்டு மூன்று வாரம் நிம்மதி.

அவருக்கு இடது கண் எப்படியோ தப்பித்திருந்தது, வலதுதான் மோசம். அவர் பார்த்ததோ கண்ணை வைத்துப் பிழைக்கிற வேலை. கப்பலின் மேல்தட்டில், கரி கிடக்கிற அறையின் வாயோரம் நின்றுகொண்டு, பாரம் தூக்குகிற வின்ச்சு ஓட்டுகிறவருக்குக் கைகாட்ட வேண்டும். இவர் கை உயர்ந்தால் கரித்தொட்டி ஏறும், மடங்கினால் நிற்கும். கீழே பதினைந்து இருபது பேர் தலைக்கு மேல் என்ன போகிறது என்று அண்ணாந்துகூடப் பார்க்காமல் கரி வாரிக்கொண்டிருப்பார்கள். "அத்தினி பேரு உசுரும் என் கண்ணுல கீதுமே" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. சோறு போடும்போதும் அதைச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். கொஞ்சம் பெருமையாகவும் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு அவ்வளவு வலித்திருக்காது.

எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் கண் டாக்டர் ஒருவர் அங்கே வந்து ஆபரேஷன் செய்வார் என்று அங்கிருந்த கம்பவுண்டர் சொன்னார். இமையின் ஓரத்தைக் கீறி வெளிப்பக்கமாகத் திருப்பித் தைத்துவிட்டால் முடி மறுபடி உள்ளே வராதாம். என் வீட்டுக்காரர் பயந்தார். அவருடன் வேலை செய்த ஒருவருக்கு எங்கோ இப்படித் தைத்ததில், இமை ஒரேயடியாக வெளியே திரும்பிக்கொண்டு, அவர் பாதிக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார். அதைச் சொல்லிச் சொல்லித் தட்டிக் கழித்தார். நான்தான் விடாமல் பிடுங்கி எடுத்துச் சம்மதிக்க வைத்தேன்.

போகிற நாள் காலையில் அவரைத் தலைக்குக் குளிக்கச் சொன்னேன். துவைத்த சட்டை, துவைத்த வேட்டி. பிறகு மடியில் படுக்கவைத்து, வலது இமையில் ஒரு முடி மிச்சமில்லாமல் சுத்தமாகப் பிடுங்கினேன். பெரிய டாக்டர் முகத்துக்கு நேரே குனிந்து பார்க்கப்போகிற கண், அழுகி ஒழுகிக்கொண்டா இருப்பது? எங்கள் பக்கத்தில் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிற குழந்தையைக்கூடக் கழுவித் துடைத்துப் பவுடர் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். நாங்கள் ஏழைகள், அழுக்காக இருந்தால் கிட்டே சேர்க்கமாட்டார்கள் என்ற பயம் எங்களுக்கு உண்டு.

டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இப்போ முடி ஒண்ணும் உரசலையே. கண்ணும் தெளிவாத்தான் இருக்கு. இவரைவிட மோசமானவங்க வெளியில நிக்கறாங்க. அடுத்த மாசம் வரட்டும்" என்றார். நான்தான் காலையில் பிடுங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

விஷயத்தை வெளியே வந்து கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் புடுங்கிட்டு இட்டுகினு வந்தா டாக்டரு இன்னாத்தப் பாப்பாரு? அடுத்த தபா கை வெக்காத. வளந்தது வளந்தபடி இட்டுகினு வா" என்றார். படித்தவர் சொல்கிறார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பிடுங்கிய முடி திரும்ப முளைக்கும்போது கட்டையாக, விறைப்பாக முளைக்கும். இரண்டாவது வாரம் அவர் வேலையிலிருந்து வந்ததும் ஈரத்துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். மூன்றாவது வாரம் கெஞ்ச ஆரம்பித்தார்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துடுமே. நடுவுல கீதே, அது மட்டும்."

"முடியாது. பல்லக் கடிச்சிகினு இருங்க. இன்னும் பத்து நாளுதான்."

"உனுக்கு இன்னா, குத்துறது என் கண்ணுல."

நான் முள்வாங்கியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். ஒரு ஞாயிறு பகலில் நான் தண்ணீருக்குப் போனபோது அவர் வீடு முழுக்கத் தேடியிருக்கிறார், துணி மூட்டை கலைந்து கிடந்தது. அதைப் பார்த்து அவரைத் திட்டினேன். எப்படித் திட்டினேன் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை.

நாலாவது வாரம் கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. நான் பதறவில்லை. நல்லதாகப் போயிற்று, இந்தத் தடவை டாக்டர் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றுதான் நினைத்தேன். என் ஆயுசில் எவ்வளவோ கெட்டது நினைத்திருக்கிறேன், அவற்றில் இது ஒன்றைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டாக்டர் பார்த்ததும் சத்தம் போட்டார். "இத்தனை முடி குத்திக்கிட்டு இருக்கு, பிடுங்கி விடக்கூடவா தெரியாது? வீட்டுல பொம்பளை என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" கம்பவுண்டர் பக்கத்தில்தான் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டிக்கொடுத்தால் ஆபரேஷனே இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயம். என் வீட்டுக்காரர் மட்டும், "அதுமேல தப்பு இல்ல, டாக்டரய்யா" என்றார். அவ்வளவு வலியில் எனக்காகப் பேசினார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

டாக்டர் தம்முடைய பெரிய ஆஸ்பத்திரிக்கே அவரை அனுப்பினார். அங்கே முதலில் கருவிழிப் புண்ணுக்கு மருந்து போட்டுப் படுக்கவைத்தார்கள். அது ஆறியபின் ஊசியால் மரக்கடித்து, முழித்திருக்கும்போதே இமையைக் கீறித் தைத்தார்கள். தையல் பிரித்த அன்று டாக்டர் இரண்டு இளம் டாக்டர்களைக் கூட்டிவந்து காட்டினார். "ஓரம் எவ்வளவு நேரா நிக்குது பாருங்க. உள்ளயும் போகலை, வெளியிலயும் தொங்கலை." உண்மைதான். அத்தனை அழகான இமை எங்கள் வரிசையில் யாருக்கும் இருந்ததில்லை. முடி எல்லாம் வெளிப்பக்கம் வளைந்து நின்றது. அதற்குக் கீழே கருவிழி சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. அதைப்பற்றி மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இமைக்கென்று வந்தோம், இமையைச் சரி செய்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"வெளிச்சம் தெரியுதுமே. நெழலு மாதிரி ஆளும் தெரியுது. வெரலு காட்டு, நான் சொல்றேன்."

நான் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

"மூணு" என்றார்.

"ஆமா, மூணுதான்" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதற்காகத்தான் சொன்னேன் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்ள எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினார். கரி வாருகிற அந்த இருபது பேரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். சட்டையில் கரிகூடப் படவில்லை. மேஸ்திரி அவரை மேல்தட்டுக்கு ஏறவிடாமல் நிறுத்தி, நல்ல கண்ணைப் பொத்தச் சொல்லி விரல் காட்டியிருக்கிறார்.

"ரெண்டுன்னு சொன்னேன். அவரு கையே தூக்கலியாம். எல்லாரும் சிரிச்சானுங்க" என்றார். மூட்டை தைக்கிற இடத்தில் வேண்டுமானால் உட்காரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். தண்ணீர் குடித்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நேத்து நீ எத்தினி வெரலு காட்டின?"

உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். எனக்குத் தைரியம் வரவில்லை.

"மூணுதான்" என்றேன்.

இடது கண்ணால் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி" என்றார்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தோம். ஒரு நாளும் கைநீட்டியதில்லை, கடிந்து பேசியதில்லை. ஆனால் மணி என்ன, மழை வருகிறதா, சட்டையில் கறை இருக்கிறதா என்று எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. தெரிய வேண்டுமென்றால் எழுந்து வாசலுக்குப் போய், தெருவில் போகிறவர்களிடம் கேட்பார்.