அரைப்பேர்

தெஹியோவிட்டக் கடைக்காரர் நான் நீட்டிய புது ரூபாய் நோட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "படம் அழகா இருக்குங்க."

எனக்கு ரப்பர் பாலின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. என் சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, பால் வெட்டும் அம்மாவின் வாளியில் பாலின் கெட்டி பார்க்கும் கண்ணாடி மிதவையை விட்டு, இப்படித்தான் கண்ணைச் சுருக்குவார்.

"தண்ணி கலந்திருக்கு. இன்னைக்கு அரைப்பேர்தான்."

"செரட்டையில மழ விழுந்திருச்சுங்கய்யா" என்பாள் அம்மா. அரைப்பேர் என்றால் அன்றைய கூலியில் பாதி போய்விடும்.

இலங்கை மத்திய வங்கிக்காரர்கள் நோட்டை அடித்துத் தள்ளினார்கள். ஒரு மூட்டை அரிசி வாங்கிய காசுக்கு இன்று அரை மூட்டைகூட வருவதில்லை. பாலில் தண்ணீர் ஊற்றுவதும் இதுவும் ஒன்றுதான். அம்மாவின் பாலில் விழுந்ததாவது மழை; இவர்கள் தெரிந்தே ஊற்றினார்கள். இப்போது புதுப் படம் போட்டு நம்பச் சொல்கிறார்கள்.

"அழகுதாங்க," என்றேன். "நோட்டு அடிச்சவங்களுக்கு அரைப்பேர் போட்டாங்களா?"