கல்லடியில் காணாமல் போன நாலு சைக்கிள்கள்

மாசி மாதத்தில் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. தெருவில் எடுத்துத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போகும் வாடகைச் சைக்கிள்கள் மட்டக்களப்பிலும் பரீட்சார்த்தமாக ஓடுகின்றன என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை ஆறரைக்குத் திருகோணமலையில் பஸ் ஏறி, பத்தரைக்கு வந்து இறங்கினேன்.

முறை சுலபம். சைக்கிளில் உள்ள குறியீட்டைக் கைபேசியால் படம் பிடித்தால் பூட்டுத் திறக்கும். அரை மணித்தியாலத்துக்கு நூறு ரூபாய். போன இடத்தில் பூட்டிவிட்டு நடையைக் கட்டலாம். புளியந்தீவில் ஒன்றை எடுத்து, பாலத்தில் வாவிக் காற்று வாங்கி, நாலு கிலோமீற்றர் மிதித்துக் கல்லடிக் கடற்கரைக்குப் போனேன். ஒரு வேலியோரம் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கடலில் கால் நனைத்தேன். முக்கால் மணி கழித்து வந்தால் சைக்கிளைக் காணோம். கைபேசி வரைபடமோ அது அங்கேதான் நிற்கிறது என்று சாதித்தது.

நான் முழித்துக்கொண்டு நிற்க, பின்னால் சாமான் தட்டு வைத்த ஓட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் காத்தான்குடி நசீர். தெருத்தெருவாகக் கிடக்கும் சைக்கிள்களைச் சேகரித்து ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தக்காரர்.

"இது நாலாவது. மத்த மூண்டும் பற்றரி செத்து, படத்திலயும் இல்ல. நாளைக்குக் கம்பெனியால எண்ணிப் பாக்க வாறாங்க. குறைஞ்சா என்ட வேலை முடிஞ்சி," என்றார்.

தன் கைபேசியில் எதையோ அழுத்தினார். வேலிக்கு உள்ளே மணி அடித்தது.

வீட்டுக்காரி மலர், ஐம்பது வயதிருக்கும், பதறிக்கொண்டு வந்தார். கொட்டிலுக்குள் நாலு சைக்கிளும் நின்றன. உப்பைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பழைய சேலையால் மூடியிருந்தார்.

"ஆரோ மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க எண்டு நினைச்சன் மனே. வெயிலில டயர் வெடிச்சிரும், அதான் தூக்கி உள்ள வச்சன். களவெண்டு சொல்லுவாங்களா?"

நசீருக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. எனக்கும்தான். தரிப்பிடம் கட்டாமல் நிறுவனம் மிச்சம் பிடித்த வேலையை இந்தப் பெண் சம்பளமில்லாமல் செய்திருக்கிறார். இதை எந்த ஊர்த் திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்?

ஆனால் நிறுவனத்தின் விதி வேறு. ஒரு வீட்டு வளவுக்குள் சைக்கிள் இருந்தால் விலாசத்தோடு பொலிஸில் முறைப்பாடு போடவேண்டும். போட்டால் நசீர் தப்பலாம்; மறைத்தால் பழி அவர் தலையில். அவர் சைக்கிள்களை ஒவ்வொன்றாக ஓட்டோவில் ஏற்றினார். பிறகு எங்கள் முன்னாலேயே அலுவலகத்துக்குப் பேசினார்.

"நாலும் கிடைச்சிட்டு சேர். ஆரும் களவெடுக்கல்ல. ஒரு அக்கா பத்திரமா வச்சிருந்தா. விலாசம் தரமாட்டன். வேணுமெண்டா என்ட பேரைப் போடுங்க."

மலர் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

இனிப் போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்கு முன் மிதியுங்கள், பிறகு வெயில் கொல்லும். தண்ணீர் கொண்டு போங்கள். வீடுகள் உள்ள ஒழுங்கையில் சைக்கிள் விட்டால், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் கைபேசிக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் பஸ்ஸில் இருந்தபோது நசீர் அழைத்தார். வேலை போகவில்லையாம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அந்தப் பகுதியில் இனிச் சைக்கிள் விடமுடியாதபடி வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டார்களாம்.

"அந்த அக்காட்ட நான் சொல்லல்ல," என்றார். "தான் ஏதோ பிழை செஞ்சிட்டன் எண்டு அழுவா."