மான்களுக்கு உப்பு வைத்த காவலாளி

திருகோணமலையின் வரலாற்றை என்னால் ஒரு மணித்தியாலத்தில் சொல்லி முடிக்க முடியும். அதுவும் கோட்டை வாசலில் தொடங்கி, கோயில் மலை உச்சிவரை ஏறிக்கொண்டே, மூச்சு வாங்காமல். உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டும் தொழிலில் நான் இறங்கியபோது, இது பெண்களுக்குச் சரிவராது என்று சொன்ன ஆண்களில் இரண்டு பேர் இப்போது என்னிடம் வந்து ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு போகிறார்கள். நான் பெருந்தன்மைக்காரி இல்லை. அவர்கள் வரும்போதெல்லாம் அந்தப் பழைய பேச்சை நினைவுபடுத்திவிட்டுத்தான் விடை சொல்லுவேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போர்த்துக்கீசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியது, ஒல்லாந்தர் அதைப் பிடித்தது, பிரெஞ்சுக்காரர் இடையில் வந்து போனது, ஆங்கிலேயர் வந்து இருந்தே விட்டது: இவை எழுத்தில் இருப்பவை, நேராகச் சொல்லலாம். இராவணன் வாளால் மலையைப் பிளந்தது, தாய்க்குக் கிரியை செய்யக் கன்னியாவில் ஏழு வெந்நீர் ஊற்றுகளை உண்டாக்கியது, ஒல்லாந்தப் பெண் ஒருத்தி மலையுச்சியிலிருந்து கடலில் குதித்தது: இவற்றின் கடைசியில் 'என்று சொல்லுவார்கள்' என்று சேர்த்துவிட வேண்டும். சேர்த்துவிட்டால் யாரும் எங்களைப் பிடிக்க முடியாது. நான் ஒரேயொரு கதைக்கு மட்டும் அதைச் சேர்க்கவில்லை. காரணம், அந்தக் கதையை அதுவரை உலகத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைக் கட்டியவள் நான்.

கோட்டைக்குள் போய்க் கொஞ்சத் தூரம் ஏறினால், பாதையோரப் புல்லுக்குள் ஒரு தட்டைக் கல் கிடக்கும். நடுவில் கிண்ணம் போல ஒரு குழி. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வெளிநாட்டு அம்மா அதைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அன்று அதுவரை கேட்ட எல்லாவற்றுக்கும் விடை சொல்லிக்கொண்டு வந்த மிதப்பில் இருந்தேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கோட்டைக்குள் திரிகிற மான்களில் இரண்டு பக்கத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. வாய் தானாகச் சொல்லிற்று: "ஒல்லாந்தர் காலத்தில் இந்த வாசலுக்கு ஒரு காவலாளி இருந்தார். ஒவ்வொரு நாளும் இந்தக் குழியில் மான்களுக்கு உப்பு வைப்பார். அவர் இறந்த அன்று எல்லா மான்களும் வாசலில் வந்து நின்றன. இன்றைக்கும் இவை கோட்டையை விட்டுப் போகாததற்கு அதுதான் காரணம்."

அந்த அம்மா அழுதுவிட்டார். நானும் கொஞ்சம் கலங்கினேன் என்பதை ஒளிக்க மாட்டேன். அடுத்த முறை இன்னும் நன்றாகச் சொன்னேன்.

பிறகு கதைக்குக் கால் முளைத்துவிட்டது. எனக்கு வழக்கமாக வான் வண்டி ஓட்டுகிற கிண்ணியாத் தம்பி, காவலாளி கிண்ணியாவைச் சேர்ந்தவர் என்று சொல்லத் தொடங்கினார். பக்கத்துச் சல்லிக் கிராமத்துக்காரர் ஒருவர் அவரைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். வேறொரு வழிகாட்டி அவருக்கு ஒரு மகளையும் அந்த மகளுக்கு ஒரு காதலையும் வைத்தார். கோயிலுக்கு வருகிற சனங்களில் சிலர் அந்தக் குழியில் ஒரு பிடி உப்புப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு இதெல்லாம் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில், பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பலகை போடுகிற ஒரு கந்தோரிலிருந்து ஆள் வந்தது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்கப்போகிறார்களாம். விசயம் தெரிந்த ஆள் நான்தானாம். கதையை எழுதித் தர வேண்டுமாம். ஓம் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தக் கிழமையில்தான் வேல்ஸ் நாட்டிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் ஒரே சிறிய சந்தை நகரத்தைச் சேர்ந்தவர்கள். ஊரின் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் கூடி நடத்துகிற சங்கமொன்றின் ஆட்கள். அவர்களுக்குத் தலைவர் போல வந்தவர் முன்னர் கல் வேலை செய்த மனிதர். இப்போது சம்பளம் இல்லாமல் தன் ஊரைச் சுற்றிக் காட்டுகிறாராம். அதாவது என் தொழிற்காரர். ஊரின் பெயரைச் சொல்ல, நாக்கை மேல்வாயில் ஒட்டி இரண்டு பக்கத்தாலும் காற்றை விட வேண்டும் என்றார். மூன்று முறை முயன்றேன். வானுக்குள் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பதிலுக்கு நான் திருகோணமலை என்று அவர்களைச் சொல்ல வைத்துப் பழி தீர்த்துக்கொண்டேன்.

அவர் சட்டைப் பையில் ஊரைப் பற்றிய ஒரு மடிப்புத்தாள் எப்போதும் இருந்தது. உட்துறைமுகத்தைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்த நேரம் அதை விரித்தார். ஆறு வளைகிற இடத்தில் பாதி இடிந்த கோட்டை. தூண்களின் மேல் நிற்கிற சந்தை மண்டபம். மணிக்கூட்டுக் கோபுரம். பல வளைவுகள் வைத்த பழைய கற்பாலம். கிழமைக்கு ஒருமுறை ஆட்டுச் சந்தை. "ஆட்டுச் சந்தையைப் பார்க்கவா வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்?" என்று கேட்டேன். "நீங்கள் ஏழு கிணறுகளைக் காட்டிச் சுடுதண்ணீர் என்று சொல்லவில்லையா?" என்றார். ஆளைப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் ஊர்க் கோட்டையைக் கட்டியவன் அவர்களுடைய அரசன் இல்லையாம். இங்கிலாந்து அரசன், அவர்களை அடக்கி வைக்கக் கட்டியதாம். மதிலுக்கு உள்ளே ஊர்க்காரருக்கே ஒரு காலத்தில் குடியிருக்க உரிமை இல்லை. வியாபாரம் செய்ய மட்டும் வரலாம். பள்ளிக்கூடத்தில் தங்கள் மொழி பேசிய பிள்ளைகள் தண்டனை வாங்கிய காலமும் இருந்தது என்றார். இன்று ஊர்ப் பலகைகளில் அவர்கள் மொழிதான் முதலில். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து இருந்தார். எங்கள் ஊரில் எந்தப் பலகையில் எந்த மொழி எத்தனையாவதாக வருகிறது என்பதை நான் அவருக்கு விளக்கப் போகவில்லை. தேத்தண்ணி ஆறிவிடும்.

பிறகு கோட்டைக்கு ஏறினோம். கல்லடியில் நின்று காவலாளி கதையைச் சொன்னேன். அன்று குரலும் நன்றாக இருந்தது, மான்களும் சொல்லி வைத்தது போல வந்து நின்றன. ஆறு பேரில் ஐந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஆறாவது ஆள், அந்தக் கல் வேலைக்காரர், கல்லுக்கு முன்னால் குப்புறப் படுத்துவிட்டார்.

வயதுபோன மனிதர், மயக்கம் வந்துவிட்டதோ என்று பயந்து போனேன். அவரோ குழிக்குள் விரலை விட்டுச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டு என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். குழியின் உட்பக்கத்தில் வளையம் வளையமாகக் கீறல்கள் இருந்தன. பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டியிருந்தது. அடியில் இரும்புத் துருவின் கறை. இத்தனை வருடம் அந்தக் கல்லைக் காட்டியிருக்கிறேன், ஒருநாளும் கை வைத்துப் பார்த்ததில்லை. "பெரிய கதவு ஒன்றின் குடுமி, அது திரும்புகிற அடிமுனை, இதற்குள் நின்று சுழன்றிருக்கிறது" என்றார். "எங்கள் கோட்டையிலும் இதே மாதிரிக் கற்கள் இருக்கின்றன. உப்பு இப்படிக் கீறாது."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுரீரென்று ஏறிற்று. என் ஊரில், என் ஆட்களுக்கு முன்னால், நேற்று வந்த மனிதர்! வான்காரத் தம்பி வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னது?" என்று அவர் கேட்டார். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன்: "என் அப்பா."

அவர் முகம் மாறிவிட்டது. உடனே மன்னிப்புக் கேட்டார். பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். அவர்கள் சங்கத்தில் எந்தக் கதையைக் கேட்டாலும் அதைச் சொன்னது யார் என்று பக்கத்தில் எழுதி வைப்பார்களாம். அப்பா என்ன தொழில் செய்தார் என்று கேட்டார். துறைமுகத்தில் இழுவைப்படகின் சுக்கானி என்றேன். அது மட்டுமாவது உண்மை. அதையும் எழுதிக்கொண்டார். ஊருக்குப் போய்ச் சங்கத்தில் பேசும்போது கல்லைப் பற்றித் தன் கருத்தையும் என் அப்பாவின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லப்போவதாகச் சொன்னார். "இரண்டுக்கும் சம மரியாதை" என்றார்.

மிச்சச் சுற்றுலாவை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தேன், இறங்கவில்லை. என் அப்பா வாழ்நாள் முழுக்கப் பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்தவர். கடலடியில் பாறை இருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்று யாராவது கேட்டால், தெரிந்தால் தெரியும் என்பார், தெரியாவிட்டால் பார்த்துத்தான் சொல்லுவேன் என்பார். ஊகித்துச் சொல்லமாட்டார். ஊகித்துச் சொன்னால் கப்பல் தட்டும். வீட்டிலும் அப்படித்தான், மழை வருமா என்றுகூட அவரிடம் ஒரு விடை வாங்க முடியாது. அம்மாவுக்கு அதில் எவ்வளவு எரிச்சல்! அப்படிப்பட்ட மனிதரை, என் மானத்தைக் காப்பாற்ற, ஒரு பொய்க்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தேன். காவலாளி கதைக்காக நான் ஒருபோதும் வெட்கப்பட்டதில்லை. இதற்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அடுத்த நாள் காலை அவர்கள் உப்புவெளி விடுதியிலிருந்து கண்டிக்குப் புறப்படுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். விடிந்ததும் வான்காரத் தம்பிக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தேன்.

"தம்பி, கெதியா வாங்கோ. உப்புவெளிக்குப் போகோணும்."

"என்னக்கா, சாமான் ஏதும் எடுத்துக்கொண்டு போறாங்களா?"

"ஓம். என்ர அப்பாவை."

வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வானை ஓரமாக நிறுத்திவிட்டார். "அப்ப, காவலாளி கிண்ணியா இல்லையா?" என்று கேட்டார். "கிண்ணியாவும் இல்ல, சல்லியும் இல்ல. அப்பிடி ஒரு ஆளே இல்ல." அவருக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது. "என்ர பிள்ளையளுக்கும் சொல்லிப்போட்டனே அக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் திரும்ப ஓட்டினார்.

விடுதியில் அந்த மனிதர் பாணும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அந்தக் கதை என் அப்பா சொன்னது இல்லை, நான் கட்டியது, அப்பாவைத் தயவுசெய்து அந்தக் கொப்பியிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். கொப்பியை விரித்து என் பக்கம் தள்ளி, பேனையையும் தந்தார். அப்பாவைப் பற்றிய வரியை நானே வெட்டினேன். அதற்கு மேல், கட்டியவள் நான் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"எங்கள் சந்தைச் சதுக்கத்திலும் ஒரு கல் இருக்கிறது" என்றார். "சத்திரக்காரன் ஒருவன் தன் வியாபாரத்துக்காக அதற்கு ஒரு கதை கட்டினான் என்று எங்களுக்குச் சந்தேகம். அவன் செத்து எவ்வளவோ காலம். கேட்க முடியாது. நீங்கள் என் காலைச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறீர்கள்." தன் முட்டையில் பாதியை எனக்கு வெட்டி வைத்தார். எனக்கும் பசி வந்திருந்தது.

மிஞ்சியது பலகை. இரண்டு நாள் கழித்து அந்தக் கந்தோருக்குப் போனேன். பலகைகளுக்குப் பொறுப்பான தம்பி கந்தளாயைச் சேர்ந்தவர், கெட்டிக்காரர். என் எழுத்து வருமுன்பே படத்தைக் கீறி வைத்திருந்தார்: காவலாளி கையை நீட்டி நிற்கிறார், மான் நக்குகிறது. மிக அழகான படம். நான் விசயத்தைச் சொன்னேன்.

"அக்கா, பகிடி விடாதீங்கோ."

"பகிடி இல்ல தம்பி. அது கதவு நிண்ட கல். கதை நான் கட்டினது."

அவர் தலையை ஆட்டினார். "இருக்கேலாது. எங்கட அப்பாவும் இதைத்தான் சொன்னவர். நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க என்னைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அந்தக் கல்லைக் காட்டிச் சொன்னவர்."

கண்ணைச் சிமிட்டாமல்தான் சொன்னார். அந்தக் கதையை நான் கட்டியபோது அவர் சின்னப் பிள்ளை இல்லை, மீசை முளைத்துப் படித்து முடித்த ஆள். இதுவே முந்தி என்றால் ஒரு பெரிய சத்தம் போட்டிருப்பேன். சத்தம் போட எனக்கு நல்லாகவே வரும்.

"அப்பா இருக்கிறாரோ?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா. போன வருசம் தவறிட்டார்."

"அப்ப அவரை இதுக்குள்ள இழுக்காதீங்கோ. நானும் என்ர அப்பாவை இழுத்தனான். திருப்பி எடுக்க விடிஞ்சதும் உப்புவெளிக்கு ஓடினனான்."

அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு படத்தை நோக்கியே சொன்னார்.

"அப்பா கோட்டைப் பக்கமே வந்ததில்லையக்கா. வயலை விட்டுட்டு எங்களை ஒரு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனதில்ல."

நான் கதிரையை அவர் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு பேருமாகக் கல்லைப் பற்றி எங்களுக்கு உண்மையில் தெரிந்ததை எழுதினோம். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. பலகையில் மிச்ச இடத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார்.

"சும்மா விடுங்கோ" என்றேன்.