குசினியில் கேட்ட குரல்கள்

"இது உங்கட மகனா?" என்று என் கணவரைக் காட்டி வைத்தியர் கேட்டார். "ஓம்" என்றார் மாமா. "இது உங்கட தம்பியா?" என்று அவரையே மறுபடியும் காட்டிக் கேட்டார். "ஓம்." பிறகு என்னைக் காட்டி, "இவ உங்கட அம்மாவா?" என்றார். அதற்கும் "ஓம்" தான். குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. கண்ணில்தான் ஒரு திகைப்பு இருந்தது. சொல்ல நினைத்தது ஒன்று, வாயிலிருந்து வந்தது வேறொன்று என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். மூளைக்குப் போகும் இரத்தம் ஓரிடத்தில் அடைபட்டதால் வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது, இப்போதைக்கு மிஞ்சியிருப்பது ஆமென்று சொல்லும் இந்த ஒரு சொல்தான் என்று வைத்தியர் எங்களை வெளியே அழைத்து விளங்கப்படுத்தினார்.

மாமா என் கணவரின் தகப்பன். பெரிய கப்பல்களைக் கயிற்றால் கட்டி இழுத்துவந்து துறையில் சேர்க்கும் இழுவைப் படகை, ஓய்வு பெறும்வரை, திருகோணமலைத் துறைமுகத்தில் ஓட்டியவர். இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திப் பழகிய குரல். வீட்டுக்குள் அவர் தண்ணீர் கேட்டால் பக்கத்து வளவில் யாரோ எழும்பிப் போவார்கள் என்று மாமி சொல்லிச் சிரிப்பார். எதற்கும் மறுத்துத்தான் கதையைத் தொடங்குவார். "இண்டைக்கு நல்ல வெயில் மாமா" என்றால், "இல்லைப் பிள்ளை, நேற்றுத்தான் வெயில், இது சும்மா வெளிச்சம்" என்பார். மாமி காலமான பிறகு எதிர்த்துக் கதைக்க ஆளில்லாமல் வானொலிச் செய்தி வாசிப்பவரோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவருக்கு எல்லாச் சொற்களும் போய், ஓம் ஒன்று மட்டும் மிஞ்சியது.

அந்தச் சொல் என்னென்ன செய்யும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தேத்தண்ணியா கோப்பியா என்றால் ஓம். சாய்ந்து இருக்கிறீர்களா, படுக்கிறீர்களா என்றால் ஓம். முடி வெட்ட வந்தவர், "ஐயா, மீசையையும் எடுத்து விடவா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். இளந்தாரிக் காலத்திலிருந்து அவர் வைத்திருந்த மீசை அது. நான் குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது பாதி போயிருந்தது. மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெட்ட வந்தவரோ, முடி கண்ணில் விழுந்துவிட்டதாக நினைத்துத் துவாயால் துடைத்து விட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற மிஸ் ஒருவர் இருந்தார். இளம் பெண், பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகள் தந்து விட்டார். மாமா அவற்றை இடது கையால் மேசையை விட்டுத் தள்ளினார். பூனையையும் குடையையும் காட்டிப் பெயர் கேட்பது அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். "பரவாயில்லை, விடுங்கோ. அவரைத் தனிய ஒரு அறைக்குள்ள மட்டும் வைக்காதேங்கோ. ஆக்கள் கதைக்கிற இடத்தில இருக்கட்டும். அவர் சொல்லத் துவங்கினா நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதேங்கோ" என்றார் மிஸ்.

ஆக்கள் கதைக்கிற இடம் என்று எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. என் கணவர் புல்மோட்டையில் வேலை செய்தார். காலையில் பேருந்து ஏறினால் பொழுதுபடத்தான் திரும்புவார். நான் வீட்டில் இருந்தபடி பெட்டிஸ், ரோல்ஸ் என்று மாவுக்குள் கறி வைத்துப் பொரிக்கும் சிற்றுண்டிகள் செய்து, பேருந்து நிலையத்தடித் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மா குழைப்பது, உருட்டுவது, மடிப்பது என்று கைக்கு ஓயாத வேலை. வாய்க்கு வேலையே இல்லை. அதனால் காதுக்குள் எதையாவது போட்டுக்கொள்ளப் பழகியிருந்தேன். வெங்காயம் வெட்டும்போது கொலை வழக்குகளைச் சொல்லுகிற ஒரு பொட்காஸ்ட். கண்ணீர் எதனால் வருகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பொரிக்கும்போது, தடிமன், காய்ச்சல் போன்ற சாதாரண வருத்தங்களைப் பற்றிச் சென்னைத் தமிழில் பேசுகிற ஒரு வைத்தியர். மா உருட்டுவதற்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்தது இரண்டு சிநேகிதிகளின் பொட்காஸ்ட். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தில், மற்றவர் கனடாவில். பெரிய விசயம் எதையும் கதைக்கமாட்டார்கள். சொதிக்குத் தேங்காயின் முதல் பால் எப்போது விடுவது, கலியாண வீட்டில் சாப்பாடு சரியில்லை என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லலாமா, இப்படித்தான். கனடாக்காரி எதையாவது சொல்லிவிட்டு, "அப்ப நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்பார். யாழ்ப்பாணத்துக்காரி கொஞ்சமும் யோசிக்காமல், "அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன்" என்பார். ஒவ்வொரு நாளும் இது நடக்கும். எனக்கு அலுத்ததே இல்லை.

மிஸ் சொன்னதைக் கேட்டு என் கணவரும் மாமாவுக்காகத் தேடித்தேடி எடுத்தார். எல்லாம் கப்பல் கதைகள், துறைமுகங்களின் சரித்திரம், கடலில் தப்பியவர்கள் சொன்ன அனுபவங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியை அவர் மடியருகே வைத்துப் போட்டார். தொடக்கத்தில் ஒரு கப்பலின் சங்கு நீளமாக ஊதியது. மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "பிடிக்கேல்லையா அப்பா?" என்றார் என் கணவர். "ஓம்." "வேற போடட்டா?" "ஓம்." இதைத்தான் போடவா என்று கேட்டாலும் ஓம் தான். என் கணவர் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் நின்றார். தகப்பனுக்குப் பிடித்தது எது என்று தனக்குத் தெரியும் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார்.

அறையில் தனியாக விடக்கூடாது என்பதற்காக, காலையில் மாமாவைக் குசினிக்குக் கூட்டிவந்து சன்னலோரக் கதிரையில் இருத்திவிடுவேன். அங்கிருந்து பார்த்தால் உட்துறையின் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். ஊருக்குள் திரிகிற மான்கள் வேலியோரம் வந்து, நான் போடுகிற மரக்கறித் தோலுக்குக் காத்து நிற்கும். நான் என் பாட்டுக்குக் காதில் மாட்டிக்கொண்டு மா உருட்டுவேன். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி என் காதைக் காட்டினார். நான் தனியாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. கை மாவாக இருந்ததால் காதிலிருந்ததை மணிக்கட்டால் தட்டிக் கழற்றி, கையைத் துடைத்துவிட்டு, போனைச் சன்னல் படியில் வைத்துச் சத்தமாக விட்டேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் வயதைக் கேட்கலாமா என்பது அன்றைய விசயம். கேட்கலாம் என்றார் கனடாக்காரி. மற்றவர் வழமைபோல ஒத்துக்கொள்ளவில்லை. மாமா சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணி, தோள் குலுங்கி, சத்தம் வராத ஒரு சிரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு கொலை வழக்குகளையும் வைத்தியரையும் கைவிட்டேன். நாள் முழுக்க அந்த இரண்டு பெண்கள்தான். புதியது வராத நாளில் பழையதைத் திரும்பப் போட்டேன். மாமாவுக்கு ஒன்றையே பல தடவை கேட்பதில் சலிப்பே இருக்கவில்லை. கச்சான் காற்று புழுதியை அள்ளி அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், "அதை நான் ஒத்துக்கொள்ள" என்று அந்தப் பெண் சொல்லி வரும்போது, சன்னல் பக்கத்திலிருந்து "மாட்டன்" என்று கேட்டது. நான் உருட்டுகட்டையை விட்டுவிட்டுத் திரும்பினேன். மாமாவும் திகைத்துப்போய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒலிப்பதிவைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மறுபடி விட்டேன். அதே இடத்தில், அதே வேகத்தில், "மாட்டன்." சில கிழமைகளில் முழு வசனத்தையும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினார்.

என் கணவர் நம்பவில்லை. மாலையில் வந்து, "அப்பா, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்று முன்னால் குந்தினார். "ஓம்" என்றார் மாமா. எவ்வளவு கெஞ்சியும் அதுதான். போனைப் போட்டுக் காட்டலாம் என்றால், அன்று மாமா களைத்திருந்தார், கேட்டபடியே தூங்கிப்போனார். "உனக்குச் சொன்ன மாதிரிக் கேட்டிருக்கும்" என்றார் என் கணவர், என்னை நோகடிக்காத குரலில்.

அந்த நாட்களில்தான் அத்தான் வந்தார். என் கணவரின் அண்ணன், கொழும்பில் குடியிருப்பவர். நல்ல மனிதர். மாமாவுக்கென்று கீழ்த்தளத்தில் ஒரு அறை ஒழுங்குபண்ணி, பெரிய வைத்தியர்களிடம் விசாரித்து, எல்லாம் ஆயத்தமாக வந்திருந்தார். "அப்பா, எங்களோட கொழும்புக்கு வாறீங்கள்தானே?" என்றார். "ஓம்." அத்தானின் முகம் மலர்ந்தது. அப்பா மறுப்பார் என்று பயந்துகொண்டு வந்திருந்தவர் அவர். "அத்தான், அவர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார்" என்றேன். "தெரியும் தங்கச்சி. ஆனா அவர் வேண்டாம் எண்டு சொல்லவும் இல்லைத்தானே. நீங்களும் எவ்வளவு நாளைக்குத் தனியப் பார்க்கிறது?" என்றார். என் கணவர் தமையனை எதிர்த்துப் பழகாதவர். மாமாவின் உடுப்புகளை நான்தான் மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

புறப்படுகிற காலையில் வான் வாசலில் வந்து நின்றது. மாமா குசினிக் கதிரையில் இருந்தார். அத்தான் முழங்காலூன்றி அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டார். "போவமா அப்பா?" "ஓம்" என்றார் மாமா. சொன்ன வாயோடு, அவருடைய இடது கை கதிரையின் கைப்பிடியை நரம்பு புடைக்க இறுக்கிப் பிடித்திருந்தது. அத்தான் குனிந்திருந்ததால் அதைக் காணவில்லை. நான் கண்டேன். போனைத் தேடிப் போட நேரமில்லை. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவும் இல்லை. அடுப்படியில் நின்றபடியே, கனடாக்காரியின் அதே ராகத்தில், அதே இழுவையில், "அப்ப நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டேன்.

"அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன்" என்றார் மாமா.

கப்பலில் இருப்பவனுக்குக் கேட்கிற குரல். செருப்போடு அத்தான் அப்படியே நிமிர்ந்தார். என் கணவர் வாசலில் இருந்து ஓடி வந்தார். அது பொட்காஸ்டில் கேட்டுப் பழகிய வசனம் என்று நான் சொன்னேன். மறைப்பது சரியில்லை என்று பட்டது. அத்தான் யோசித்தார். "அப்ப இதுவும் அந்த ஓம் மாதிரித்தானே தங்கச்சி? அர்த்தம் இல்லாமல் வாறது?" அவர் கேட்டதும் நியாயம்தான். பிறகு அவரே தகப்பனின் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "அப்பா, இங்கயே இருக்கப் போறீங்களா?" "ஓம்." "கொழும்புக்கு வாறீங்களா?" மாமா மூச்சை இழுத்தார். உதடு கூடி, பிரிந்து, மறுபடி கூடியது. மிஸ் சொன்னபடி நாங்கள் யாரும் முந்திக்கொள்ளவில்லை. வெளியே வான்காரர் எஞ்சினை நிறுத்தினார். "மாட்டன்" என்றார் மாமா.

இரண்டு கேள்விக்கு இரண்டு பதில். அத்தான் நிலத்திலேயே இருந்தபடி தகப்பனின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். "இதுதான் எங்கட அப்பா" என்றார். மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். வான் அத்தானை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு சொற்கள் மெல்ல மெல்ல வந்தன. பழைய பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. மிஸ் அதை முன்பே சொல்லியிருந்தார். ஆனால் தேத்தண்ணியா கோப்பியா என்றால் ஒன்றைச் சொன்னார். மீசை வளர்ந்தது. அத்தான் மாதம் தவறாமல் வந்து, தகப்பனிடம் மறுப்பு வாங்குவதற்காகவே ஏதாவது கேட்பார். இப்போது மாமா இல்லை. நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் எடுத்து, கிண்ணியாவில் இருந்து வருகிற இரண்டு பெண்களோடு வேலை செய்கிறேன். மா உருட்டும்போது அந்தச் சிநேகிதிகளைத்தான் கேட்கிறோம். அவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கேட்டுச் சிரிக்கிறபோதெல்லாம், அவர்களோடு சம்பந்தமில்லாத ஒரு பின்னேரம் எனக்கு ஞாபகம் வரும்.

அத்தான் வானில் தனியத் திரும்பிப்போய்ச் சில மாதங்கள் இருக்கும். மழை விட்டிருந்தது. வழமைபோல நான் மாவோடு நிற்க, சன்னல் படியில் அந்தப் பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா கையை ஆட்டினார். "நிப்பாட்டு" என்றார். சத்தம் கூடிவிட்டதாக்கும் என்று குறைத்தேன். "இல்லைப் பிள்ளை. நிப்பாட்டு. நீ... கதை."

நீ கதை. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என்ன கதைப்பது என்று தெரியவில்லை. மாவின் விலையைச் சொன்னேன். ஒரு கடைக்காரர் ரோல்ஸ் சின்னதாகிவிட்டது என்று குறை சொன்னதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டவில்லை, காத்துக்கொண்டிருந்தார். பிறகு, சொல்லவேண்டும் என்று நினைக்காமலே, அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மாமாவுக்கு வருத்தம் வருவதற்கு முந்தின வருடம் என் வயிற்றில் தங்கி, நாலாம் மாதத்தில் இல்லாமல் போன பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அடுப்படியில் நின்றதை, யாரும் ஒரு வார்த்தை கேட்காததை, அந்த அமைதி தாங்க முடியாமல்தான் முதன்முதல் காதுக்குள் யாரோ இரண்டு பேரின் கதையைப் போட்டுக்கொண்டதை எல்லாம் சொன்னேன். என் கணவரிடமும் அப்படிக் கோவையாக நான் சொன்னதில்லை.

மாமா முழுதும் கேட்டார். பிறகு அவருடைய உதடு அசையத் தொடங்கியது. நான் காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார். இடது கையால் தன் வாயைத் தொட்டார். "அந்த நேரம்... எனக்குக் கதைக்க ஏலும். நான்... கதைக்கேல்லை."

நான் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டு இருந்தேன். அன்று கடைகளுக்குப் பெட்டிஸ் பிந்தித்தான் போனது.