எங்கள் தொகுதிக்காரருக்கு மூன்று பொன்னாடைகள்

அவரை முதன்முதலில் பார்த்தது எங்கள் குடியிருப்பின் நீச்சல்குளத்து வாசலில். டாலஸுக்கு வடக்கே நாங்கள் வீடு வாங்கியிருந்த புதிது. கௌபாய் பூட்ஸும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுமாக, பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். தொழில் இன்சூரன்ஸ். வரியைக் குறைக்க வேண்டும், பள்ளியில் கடவுளுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான் கொள்கை. விசாவில் இருக்கும் எங்களுக்கு ஓட்டு கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டாயம் போட்டுவிடுகிறோம் என்பதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜெயித்தார். அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. விருந்தினரைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மேடை ஏறியவருக்குப் பொன்னாடை போர்த்தாவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு இறங்காது. அலமாரியில் கிடந்த ஜரிகைச் சால்வை ஒன்றைப் போர்த்தினேன். அதை எப்போது எடுக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சாம்பார் சாதம் சாப்பிட்டு முடிக்கும்வரை போர்த்தியபடியே வியர்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

சில வருடங்களில் மாநில சட்டசபைக்குப் போனார். துப்பாக்கி உரிமைக்காகப் பேசினார், எல்லைச் சுவருக்காகப் பேசினார், பேசும் முன் கண்ணை மூடி ஜெபித்தார். சங்கத்துக்கு மறுபடி வந்தபோது பளபளப்பான சால்வையாக வாங்கினோம். பிறகு வாஷிங்டனுக்கே தேர்வாகிவிட்டார். அந்தத் தடவை, சென்னையிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் அசல் பட்டே வந்து இறங்கியது. அவருடைய பதவி உயர உயர எங்கள் சால்வையின் தரமும் உயர்ந்தது.

உயராமல் நின்றது எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம். என் மகள் நான்கு வயதில் என் விசாவோடு ஒட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள். இருபத்தொரு வயது ஆனதும் அந்த ஒட்டு அறுந்துவிடும். அதற்குள் கார்டு வராவிட்டால் அவள் தனக்கென்று ஒரு விசா தேடிக்கொள்ள வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். சங்கத்தில் பாதி வீடுகளில் இதே கவலைதான். அதைத் தீர்க்கும் சட்டத்துக்கு ஓட்டுப் போடக்கூடிய மனிதர் மூன்றாவது தடவையாக எங்கள் மேடைக்கு வருகிறார். நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

பட்டுப் பொன்னாடை வருடத்தில் நான் சங்கத் தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு நிமிஷம் நம்ம பிள்ளைங்க விஷயத்தைப் பேசிடலாமே சார்?"

அவர் பதறிப்போனார். "ஐயோ மேடம், கூப்பிட்டு உக்கார வச்சுட்டு காரியம் பேசினா சீப்பா இருக்கும். முதல்ல ரிலேஷன்ஷிப் பில்ட் பண்ணுவோம். நம்ம மரியாதையைப் பார்த்தா அவருக்கே தோணும்."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சரியென்றே பட்டது. விருந்துக்கு வந்தவரிடம் மனு நீட்டுவதா? அதனால் அவர் எங்களுக்கு ஒதுக்கிய மூன்று நிமிடத்தில் குத்துவிளக்கு, பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் முறையாக நடந்தன. இறங்கும் முன் அவரே மைக்கைப் பிடித்து, வாக்காளராகப் பதிவு செய்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். அவ்வளவு பெரிய அரங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. அவர் சிரிப்பு குறையவில்லை. அடுத்த வருடம் வாழ்த்து வீடியோ மட்டும் வந்தது.

பிறகு ஒருநாள் அவருடைய தேர்தல் நோட்டீஸ் தபாலில் வந்தது. அதில் எங்கள் பட்டு மின்ன அவர் நிற்கிறார். பக்கத்தில் கைகூப்பி நான். சட்ட முறைப்படி குடியேறி வந்தவர்களோடு நிற்கிறேன் என்று கீழே எழுதியிருந்தது. இருபது வயதாகியிருந்த மகள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ இவர்கிட்ட என்னம்மா கேட்ட?" என்றாள். அவள் தமிழில் பேசுவதே அபூர்வம். ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

அந்த வாரமே பள்ளி ஜிம்மில் அவர் நடத்திய பொதுக்கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஒழுங்காக வரிசையில் நிற்பவர்களுக்கு நான் எதிரியல்ல என்று அவர் சொன்னதும் எழுந்தாள். அவள் ஆங்கிலம் அவருடையதைவிட அசல் டெக்ஸாஸ். நான்கு வயதிலிருந்து வரிசையில்தான் நிற்கிறேன் சார், அடுத்த மே மாதம் என்னை வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றாள். அவர் முகத்தில் வந்தது நிஜமான ஆச்சரியம். இத்தனை வருடமாக எங்களைப் பார்த்தவருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், என் அலுவலகம் உன்னை அழைக்கும் என்றார்.

அழைத்தார்கள். வாக்குத் தவறாத மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. அலுவலகத்துப் பெண் ஒருத்தி படிவங்களில் கையெழுத்து வாங்கி, குடியேற்றத் துறைக்குக் கடிதம் அனுப்பினாள். விண்ணப்பம் உரிய வரிசையில் இருக்கிறது என்று பதில் வந்தது. குளிர்காலத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றும் ஒரு திருத்தம் சபைக்கு வந்தது. முதலில் எல்லையைப் பாதுகாப்போம் என்று சொல்லி அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். கட்சியில் அவருக்கு இன்னும் பெரிய பொறுப்பு கிடைத்ததாகச் செய்தி வந்தது.

மே மாதம் மகள் டொரொன்டோவுக்குப் போனாள். அங்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்ததே அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். விமான நிலையத்தில் நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. திரும்ப உள்ளே வர விசா வேண்டும் என்பதால், அவள் அறையைக் காலி செய்யலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலையில் அந்த அலுவலகப் பெண் மறுபடி அழைத்தாள். குரலில் அதே மரியாதை. உங்கள் மகளின் கோப்பு இன்னும் திறந்திருக்கிறது, ஏதாவது முன்னேற்றம் உண்டா என்று கேட்டாள். அவள் நாட்டை விட்டுப் போய்விட்டாள் என்றேன். அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அப்படியானால் விஷயம் முடிந்தது என்று குறித்துக்கொள்ளலாமா மேடம் என்றாள்.

குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். நன்றி என்றும் சொன்னேன்.