இரண்டு ஓட்டில் காடான ஏரி

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துப் போய், கண்டோன்மென்ட்டில் ஓர் ஏசி அறையில் உட்கார்ந்து உலகத்துக் காடுகளை எல்லாம் காவல் காக்கிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு நாடு செயற்கைக்கோள் படத்தைத் தருகிறது, இன்னொரு நாடு கம்ப்யூட்டரைத் தருகிறது, நாங்கள் கண்ணைக் கொடுக்கிறோம். திரையில் சின்னச் சதுரமாக ஒரு படம் வரும். அது காடா, வயலா, நீர்நிலையா, கட்டடமா என்று சொல்ல வேண்டும். ஒரே சதுரத்தை மூன்று நாடுகளில் மூன்று பேர் பார்ப்போம். எதற்கு இரண்டு ஓட்டு விழுகிறதோ அதுதான் வரைபடத்தில் ஏறும். இதற்குப் பெயர்தான் சர்வதேச ஒத்துழைப்பு.

பொய் சொல்வானேன், ஆரம்பத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடல் தாண்டி ஏதோ ஒரு மழைக்காட்டில் எவனோ திருட்டுத்தனமாக மரம் வெட்டினால், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வரும் நான் அவனைப் பிடித்துவிடுவேன் என்று சொல்லித் திரிந்தேன்.

என் அக்காவை மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். வானம் பார்த்த பூமி. ஊருக்கு ஒரே ஓர் ஏரி. அது நிறைந்தால்தான் அக்கா வீட்டுக் கிணறு ஊறும், கிணறு ஊறினால்தான் வயலும் மாடும். அந்த ஏரியைச் சீமைக்கருவேலம் மண்டி அடைத்துக் கிடந்தது. மழை பெய்தாலும் வரத்து வாய்க்காலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வர வழியில்லை. பல வருஷமாக ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அந்த ஏரியே என் திரைக்கு வந்தது. வளைந்த கரையையும் கரைமேல் கோயிலையும் பார்த்ததும் புரிந்துவிட்டது. ‘நீர்நிலை’ என்று போட்டேன். மற்ற இரண்டு பேரும் ‘காடு’ என்று போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மரம் இவ்வளவு உயரம் இருக்க வேண்டும், நிழல் இவ்வளவு தரையை மறைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. சீமைக்கருவேலம் அந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிவிடும். ஆட்சேபம் எழுதினேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

அந்தக் கோடையில் ஊர்க்காரர்கள் ஒருவழியாக ஒன்றுகூடி, அனுமதி வாங்கி, ஏரிக்குள் ஜேசிபியை இறக்கினார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று ஒரே வேகம். அடுத்த வாரமே என் திரையில் அந்த ஏரி மேல் சிவப்புப் புள்ளி பூத்தது. காடழிப்பு எச்சரிக்கை. எங்கள் வரைபடத்தைப் பார்த்து வேலை செய்கிற எல்லா அலுவலகத்துக்கும் அது தானாகவே போய்விடும். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

“ஏண்டி, ஆபீசர் வந்து வண்டிய நிறுத்திட்டுப் போயிட்டாரு. இது காடாம்ல? மேலேருந்து படம் எடுத்திருக்காங்களாம். உங்க மாமா அவரோட கையப் பிடிச்சுக் கெஞ்சிப் பாத்தாரு. நீ அந்த வேலைதானே பாக்கிற, ஒரு வார்த்த சொல்லேன்.”

சொன்னேன். எங்கள் மூன்று நாட்டுக் கூட்டம் திரையில் நடந்தபோது கையைத் தூக்கி, அது காடு இல்லை, குடிதண்ணீரைக்கூட விடாமல் உறிஞ்சுகிற முள், கீழே இருப்பது ஏரி என்றேன். வரைபடக் குழுவின் வெளிநாட்டுத் தலைவி பொறுமையாகத் தலையாட்டினார். என் உள்ளூர் அனுபவம் மிகவும் மதிப்பு வாய்ந்தது என்றார். ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விதி வைத்தால் உலகத்துக்கே ஒரே வரைபடம் எப்படி வரும் என்று கேட்டார். கேட்டது நியாயமாகவே இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

வண்டியை நிறுத்திய எங்கள் மாவட்ட வன அலுவலகம் அதற்கு மேல். வரைபடத்தில் மாற்றினால் நாங்கள் விடுகிறோம் என்றார்கள். வரைபடக்காரர்களோ, மாவட்டம் எழுதிக் கொடுத்தால் நாங்கள் மாற்றுகிறோம் என்றார்கள். நடுவில் நான் லீவு போட்டுவிட்டு மேஜை மேஜையாக அலைந்தேன். ஐப்பசி வந்துவிட்டது.

அந்த வருஷம் மழைக்குக் குறைச்சல் இல்லை. வந்த தண்ணீர் முட்புதரில் முட்டி, வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு, திண்டுக்கல் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஏரியில் கணுக்கால் அளவுகூட நிற்கவில்லை. மாசி பிறக்கும்போது கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. சந்தையில் மாட்டை விற்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். மாமா கயிற்றை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டார். பிறகு அக்காவும் மாமாவும் நிலத்தைப் போட்டுவிட்டுத் திருவானைக்காவலுக்கு வந்தார்கள். மாமா ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன். அக்கா அதே கட்டடத்தில் மூன்று வீட்டுக்குச் சமைக்கிறாள். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். வீட்டுக் கடனும் பிள்ளை படிப்பும் இருக்கிறது என்று காரணம் சொல்லலாம். கோபம் வருகிறது, சம்பளமும் வருகிறது.

போன மாதம் புதுப் பதிப்பு வந்தது. எங்கள் மாவட்டத்தில் பசுமை கூடியிருக்கிறதாம். கூட்டத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் திரையில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கேமரா ஓடிக்கொண்டிருந்ததே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். “நம்ம வயலு அந்தப் படத்துல தெரியுமாடி?” என்று கேட்டாள். காட்டாமல் இருந்திருக்கலாம். போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“பச்சப்பசேல்னு இருக்கே! யாரு வெள்ளாம வச்சிருக்கா? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. வச்சா வச்சிட்டுப் போறாங்க, நல்லா இருக்கட்டும்.”

“வெள்ளாம இல்லக்கா. கருவ.”

அக்கா போனை மேஜைமேல் வைத்தாள்.

“அப்ப என்னைக்காச்சும் நாங்க திரும்பிப் போனா,” என்றாள், “அதையும் வெட்ட விடமாட்டாங்கல்ல?”

“விடமாட்டாங்கக்கா,” என்றேன்.