பதினேழாம் எண்

அந்தப் பள்ளிக்கூட ஆபீஸில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் நான். எங்கள் தாளாளரை ஊர் இன்று எப்படி வேண்டுமானாலும் திட்டட்டும். வாடகை வீட்டு முன்னறையில் பதினோரு பிள்ளைகளோடு பள்ளியை ஆரம்பித்தபோது மணி அடித்ததும் அவர்தான், மூக்கைத் துடைத்துவிட்டதும் அவர்தான். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் ஆடுகிறது என்றுகூட அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பதவி ஆசை வந்தது. வட்டார சபைத் தேர்தலில் நின்றார்.

ஓட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் முதல் மணி அடிக்கும் முன், புதுக் கட்டட மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் இடிந்து விழுந்தது. கீழே நின்றவள் எங்கள் வேன் டிரைவரின் மகள். நாலாம் வகுப்பு, பதிவேட்டில் பதினேழாம் எண். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உடனே பள்ளிக்கு லீவு விட்டதால் அன்றைய வருகைக் கட்டம் எல்லாருக்குமே காலி.

மத்தியானம் தாளாளர் என் மேஜைக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு டிசி எழுதிடும்மா. நேத்துத் தேதி போடு. அப்பாகூட சும்மா வந்த பிள்ளைன்னு ஆயிடும்."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதும்போது எனக்கு ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, அதுதான் கேவலம். எழுதி, முத்திரை குத்தி, பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்புக் கோடும் இழுத்தேன்.

தாளாளர் ஜெயித்தார். டிரைவர் வேலையை விட்டார். ஆனால் மாதம் தவறாமல் ஆபீஸுக்கு வருவார்.

"வேற ஒண்ணும் வேணாம்மா. எம்பொண்ணு அன்னைக்கு இந்த ஸ்கூல் பிள்ளைதான்னு ஒரு காகிதம் குடுங்க."

"ஐயா ஊர்ல இல்லண்ணே" என்பேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த ஆள் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தாளாளரை மட்டும் செத்துப்போன அந்தப் பொண்ணு சும்மா விட்டாளா? திங்கட்கிழமைதோறும் சபைக் காரில் வந்து இறங்கி, நாலாம் வகுப்புக்குத் தானே வருகை எடுப்பார். பதினேழாம் எண்ணை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. "பதினேழு" என்று கூப்பிட்டுவிட்டு வாசலைப் பார்ப்பார். பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதினெட்டு வரும். "ஐயாவுக்குக் காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று பியூன் கிண்டல் பண்ணினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன திங்கள் அந்தப் பழைய பதிவேட்டைக் கேட்டார். பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். காலி வகுப்பில், சின்ன பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்து, சுவர் விழுந்த நாளின் காலிக் கட்டங்களுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு டிக் போட்டார். நான் வாசலில் நின்றேன். பதினேழில் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு யாரோ பதில் சொன்னதுபோலத் தலையாட்டி, அவள் கட்டத்திலும் பச்சை மையில் டிக் போட்டார். பக்கத்தின் அடியில் கையெழுத்தும் போட்டார்.

போட்டதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "இதைக் கிழிச்சுப் போட்டுடும்மா."

"சரிங்கய்யா" என்றேன். இருபது வருஷமாக வாயில் வருவது அது ஒன்றுதான்.

கிழிக்கவில்லை. பதிவேட்டை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு நேரே டிரைவர் வீட்டுக்குப் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"எம்பொண்ணு வந்திருந்தான்னு போட்டிருக்காரா?"

"போட்டிருக்காருண்ணே. கையெழுத்தும் இருக்கு."

"வந்தா. நான்தானே இறக்கிவிட்டேன்."

டிக்கை விரலால் தடவினார். விரல் அப்படியே நகர்ந்து அவள் பெயர்மேல் வந்து நின்றது.

"இந்தச் சிவப்புக் கோடு யாரு போட்டது?"

"நான்தாண்ணே" என்றேன்.